முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே மிகுபுனைவு நாவல் எழுதுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ முதுகலைத் தமிழில் சேர்ந்திருப்பவர்கள், அதே காலத்தில் மந்திரமும் மாய நிலங்களும் கொண்ட ஒரு மிகுபுனைவு நாவலையும் எழுதிக்கொண்டிருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளங்கலை மாணவர்களுக்கும் ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நூல்களின் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்து முடிக்க நான் பட்ட பாட்டில் பாதி, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்த ஆவணத்தை எப்போது கேட்டு வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லாததால் வந்தது. அந்தப் பாதியையாவது நீங்கள் படாமல் இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட வாசிப்பை மணிக்கணக்கில் அளக்க வேண்டும். எழுத்தைச் சொற்கணக்கில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால், தேர்வு என்ற அச்சம் பின்னால் நிற்பதால் வாசிப்பே எல்லா மணிநேரத்தையும் எடுத்துக்கொள்ளும், நாவல் விடுமுறைக்குத் தள்ளப்படும், விடுமுறையில் அது தொடப்படாமலே கிடக்கும்.

1. பாடத்திட்டத்தை வாங்கி, அடிகளை மணிகளாக மாற்றுங்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலிருந்து பாடத்திட்டத்தின் பிடிஎஃப் கோப்பை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கல்லூரியின் தளத்தில் தேட வேண்டும். அதன் முகப்பில் எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தவர்களுக்கு உரியது என்று போட்டிருக்கும். அது நீங்கள் சேர்ந்த ஆண்டுதானா என்பதைப் பாருங்கள். மூத்த மாணவர்கள் அன்போடு கொடுக்கும் குறிப்புகள் பல நேரங்களில் பழைய பாடத்திட்டத்துக்கு உரியவை. அவற்றை நம்பி, நீக்கப்பட்ட ஒரு நூலை வாரக்கணக்கில் படிப்பது இத்துறையில் சாதாரணமாக நடக்கிற விபத்து.

அடுத்து, ஒவ்வொரு தாளின் ஐந்து அலகுகளிலும் உள்ள மூல நூல்களுக்கு எதிரே அவற்றின் அளவை எழுதுங்கள். பத்துப்பாட்டை எடுத்துக்கொண்டால் முல்லைப்பாட்டு 103 அடி, நெடுநல்வாடை 188 அடி, பட்டினப்பாலை 301 அடி, மதுரைக்காஞ்சி 782 அடி. பாடத்திட்டத்தில் எல்லாம் ஒரே வரியில் அடங்கியிருப்பதால் எல்லாம் ஒரே பளுவாகத் தோன்றும். ஆனால் மதுரைக்காஞ்சி முல்லைப்பாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல். உரையோடு சேர்த்து மணிக்கு ஐம்பது அடி என்பது தொடக்க நிலையில் நியாயமான வேகம். அந்தக் கணக்கில் முல்லைப்பாட்டு ஒரே மாலையில் முடியும், மதுரைக்காஞ்சிக்குப் பதினாறு மணிநேரம் வேண்டும். இப்படி எல்லா நூல்களுக்கும் போட்டுக் கூட்டினால் பருவம் முழுவதற்குமான வாசிப்பு மணி கிடைத்துவிடும். இலக்கணத் தாளுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. நூற்பா (இலக்கண விதியைச் சொல்லும் பாட்டு) இரண்டு அடியாக இருந்தாலும் அதன் உரை நான்கு பக்கம் ஓடும் என்பதால், அதற்கு நூற்பா எண்ணிக்கையை வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள்.

இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். இதைச் செய்தவர்கள் பருவத்தின் நடுவில் திகைத்து நிற்பதில்லை.

2. எழுதக் கூடாத வாரங்களை முதலில் குறித்துவிடுங்கள்

ஒரு பருவத்தில் ஏறத்தாழ 90 வேலை நாட்கள் இருக்கும். ஒற்றைப் பருவத் (முதல், மூன்றாம் பருவம்) தேர்வுகள் பொதுவாக நவம்பரிலும் டிசம்பரிலும், இரட்டைப் பருவத் (இரண்டாம், நான்காம் பருவம்) தேர்வுகள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வரும். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண் என்று பிரித்திருப்பார்கள். முதுகலையில் தேர்ச்சிக்கு 50 வேண்டும். அகத்தேர்வு வாரங்கள், ஒப்படைப்புக் கட்டுரைக்கான கடைசி நாள், உங்கள் கருத்தரங்க உரை நாள், பருவத் தேர்வு நாட்கள் ஆகிய நான்கையும் நாட்காட்டியில் குறித்து, அந்த நாட்களில் நாவலைத் தொடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். எழுதாத நாள் திட்டத்திலேயே இருந்தால் அது மனத்தை உறுத்தாது.

மிச்சமிருக்கும் வாரங்களைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு 300 சொல் எழுதினால் வாரத்துக்கு 1,200, பருவத்துக்கு 14,400, நான்கு பருவங்களுக்கு 57,600 சொற்கள் சேரும். அது ஒரு முழு நாவலின் முதல் வரைவு. நாளொன்றுக்கு ஆயிரம் சொல் என்று இலக்கு வைக்காதீர்கள். அந்த இலக்கு விடுதி அறையில் முதல் வாரம் நிறைவேறும், மூன்றாம் வாரம் குற்றவுணர்வாக மாறும், முதல் அகத்தேர்வு வரும்போது நாவலே மறந்துபோயிருக்கும்.

வருகைப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுத அபராதம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாமல் போகலாம். எழுதுவதற்காக வகுப்பைத் தவிர்ப்பதால் சேரும் நேரத்தைவிட, பின்னால் துறை அலுவலகத்துக்கும் தேர்வுப் பிரிவுக்கும் அலைவதில் இழக்கும் நேரம் அதிகம்.

3. நூல்களைக் குறைந்த செலவில் திரட்டுங்கள்

மூல நூல்களுக்குப் பெரும்பாலும் பணம் செலவழிக்கத் தேவையில்லை. மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க இலக்கியம், காப்பியங்கள், பரணிகள் (போர்க்களத்தைப் பாடும் நூல்கள்) எல்லாம் தட்டச்சு செய்த பாடமாகவே கிடைக்கின்றன. தேடவும் ஒட்டவும் அதுவே வசதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரைகளும் உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட உரையாசிரியர்களின் நூல்களை அங்கே செலவின்றிப் படிக்கலாம். ஒரு நூலை விலை கொடுத்து வாங்குவதானால், பருவம் முழுவதும் கையில் இருக்க வேண்டிய ஒரே ஒரு காப்பியத்துக்கு நல்ல உரைப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வதற்கு அது தேவைப்படும். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 விழுக்காடு கழிவு கிடைக்கும் என்பதால், இரட்டைப் பருவத்துக்குரிய நூல்களை அதுவரை பொறுத்திருந்து வாங்குவது நல்லது.

பொது நூலகத்தில் உறுப்பினராவதற்கு ஆதார் நகல், புகைப்படம் ஆகியவற்றோடு, விடுதியில் தங்கியிருப்பவராக இருந்தால் அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி கொடுக்கும் போனஃபைடு சான்றிதழும் தேவைப்படலாம். ஆதாரில் ஊர் முகவரி இருப்பதால் உள்ளூர் முகவரிக்கு வேறு சான்று கேட்பார்கள். அந்தச் சான்றிதழைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் அன்றே கிடைக்காது. முதல்வரின் கையெழுத்துக்காக ஒரு வாரம் காத்திருக்க நேரிடலாம். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு மூன்று பிரதிகளாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் அவையே பயன்படும்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய பதிப்புகளைப் பார்க்கலாம். மதுரையில் இருப்பவர்களுக்கு 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. விடுதி அறையில் நான்கு பேரோடு இருந்துகொண்டு மாய நிலத்தைக் கற்பனை செய்வது கடினம். குளிரூட்டிய அமைதியான ஓர் இருக்கை செலவில்லாமல் கிடைக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

4. எழுத்தைக் காலையில் வையுங்கள், வாசிப்பை மாலையில் வையுங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். காரணம் மொழிநடை சார்ந்தது. பழைய உரைகளை இரண்டு மணிநேரம் படித்துவிட்டு உடனே நாவலைத் திறந்தால், உங்கள் கதைமாந்தர்கள் உரையாசிரியர்களைப் போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். வாக்கியங்கள் ‘என்க’ என்றும் ‘ஆதலின்’ என்றும் முடியும். காட்டுக்குள் தொலைந்துபோன பன்னிரண்டு வயதுச் சிறுமி ‘யான்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வாள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் ஓர் இரவுத் தூக்கம் இருந்தால், படித்தவற்றில் சொற்கள் விலகிக் காட்சிகள் மட்டும் தங்கியிருக்கும். மறுநாள் காலையில் அந்தக் காட்சிகள் உங்கள் மொழியிலேயே வரும்.

காலை வகுப்பு ஒன்பதரைக்கு என்றால் ஆறரையிலிருந்து ஏழரை வரை எழுதலாம். காலையில் எழ முடியாதவர்கள் மதிய இடைவேளையில் நூலகத்தில் எழுதுங்கள். மாலை வாசிப்புக்குப் பின் மட்டும் வேண்டாம்.

எழுதும் கருவியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையால் எழுதுங்கள், கைப்பேசியில் தட்டுங்கள், கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் அடியுங்கள், எதுவானாலும் சரி. ஆனால் கணினியில் சேரும் பிரதி ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற மென்பொருள்கள் அதற்குப் போதும். பழைய எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த அத்தியாயங்களைப் பிறகு மாற்றும்போது கொம்புகளும் துணைக்கால்களும் இடம் மாறி, ஒவ்வொரு பக்கத்தையும் மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

5. ஒரே வாசிப்பில் இரண்டு குறிப்பு எடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீளமான கோடு போட்ட ஏடு ஒன்றை வாங்கி, விரித்த இரண்டு பக்கங்களில் இடப்பக்கத்தைத் தேர்வுக்கும் வலப்பக்கத்தை நாவலுக்கும் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் வினாத்தாள் கேட்பதை மட்டும் எழுத வேண்டும்: காதையின் (காப்பியத்தின் உட்பிரிவு) பெயர், பேசுபவர், மேற்கோளுக்குரிய அடிகள், அணி, உரை வேறுபாடு. வலப்பக்கத்தில், இந்த மாயம் எப்படி இயங்குகிறது, இதற்கு என்ன விலை, இதை யாரால் செய்ய முடியாது என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுத வேண்டும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை என்ற விஞ்சையர் (வித்தியாதரர்) குலப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில், உலக அறவி புக்க காதை, யானைத்தீ என்னும் பசிநோய், அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி உணவால் அது தீர்ந்தது, விஞ்சையர் நகருக்கு மீள்கிறாள் என்று எழுதினால் தேர்வுக்குப் போதும். வலப்பக்கத்துக்கு வாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரு நாவற்கனியை மட்டும் உண்டு தவம் செய்யும் விருச்சிக முனிவன், நீராடிவிட்டு வந்து உண்பதற்காக அந்தக் கனியை வைத்துவிட்டுப் போகிறான். காயசண்டிகை செருக்கோடு வந்து அதைக் காலால் சிதைத்துவிடுகிறாள். அவன் கொடுக்கும் சாபம் பன்னிரண்டு ஆண்டுப் பசி, அதாவது அடுத்த கனி பழுக்கும்வரை அவன் கிடக்கப்போகிற அதே பசி. சாபத்தின் அளவும் இழப்பின் அளவும் ஒன்றாக இருக்கின்றன. கதையில் வரும் ஒரு மந்திரத்தை வாசகர் ஏன் நம்புகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் நாவலில் ஒரு சூனியக்காரி ஒருவனைக் கல்லாக்குகிறாள் என்றால், எத்தனை நாளைக்கு, எந்தக் கணக்கில் என்ற கேள்வியை இந்தப் பக்கம் எழுப்பிவிடும்.

இதற்கு முன்னும் பின்னும் வரும் சில காதைகளையும் இதே முறையில் படியுங்கள். மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்குக் கொடுப்பவை மூன்று மந்திரங்கள்: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசி தாங்குவது. தன்னைப் பின்தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை முதல் மந்திரத்தால் காயசண்டிகையின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அந்த உருவத்தைப் பார்த்துத் தன் மனைவி என்றே எண்ணி, அவளிடம் பேசவரும் உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மந்திரம் பிழையின்றிப் பலிக்கிறது. அது பலித்ததாலேயே ஒருவன் இறக்கிறான். இந்த அமைப்பை உங்கள் வலப்பக்கத்தில் ஒரே வரியில் எழுதி வைத்தால் போதும். நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளாமலே அமைப்பைப் பயன்படுத்தலாம்.

எல்லா நூல்களும் இப்படிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கும் பகுதி பக்கம் பக்கமாகக் கொடுக்கும். சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறித் தப்பும் மயிற்பொறி (மயில் வடிவில் பறக்கும் எந்திரம்) ஒரு முழு அத்தியாயத்துக்கு வித்தாகும். ஆனால் இதழியல் தாளோ, மொழியியல் தாளோ, இலக்கிய வரலாற்றுத் தாளோ வலப்பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். அவற்றைத் தேர்வுக்காக மட்டும் படியுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் நாவலுக்கு ஏதாவது எடுத்தே தீர வேண்டும் என்று முயல்வது இரண்டு வேலைகளையும் கெடுக்கும்.

வலப்பக்கத்தில் எதை எழுதினாலும் அது எந்த நூலில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் உடனே குறித்துவிடுங்கள். ஓராண்டு கழித்து அது நீங்கள் கற்பனை செய்ததா, படித்ததா என்பது நினைவிருக்காது.

6. உங்கள் நிலத்துக்கு ஒரே ஒரு தாள்

மிகுபுனைவு எழுதுபவர்கள் விழும் மிகப்பெரிய குழி, உலகத்தைக் கட்டுவது என்ற பெயரில் எழுதாமல் இருப்பது. வரைபடம் வரைவார்கள், அரச மரபுகளின் பட்டியல் போடுவார்கள், புதிய எழுத்துமுறை கண்டுபிடிப்பார்கள். முதல் அத்தியாயம் மட்டும் வராது. பாட வாசிப்பும் சேர்ந்துவிட்டால் இந்தக் குழி இன்னும் ஆழமாகும், ஏனென்றால் எதைப் படித்தாலும் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியும்.

இதற்கு அளவு வகுக்கும் வழி உங்கள் இலக்கணத் தாளிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல் ஒரு நிலத்தின் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்ற எட்டைப் பெயர் சொல்லி, இவை போன்ற பிறவும் உண்டு என்கிறது. உங்கள் கதையில் வரும் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தாள் எடுத்து, இந்த எட்டுக்கும் ஆளுக்கொரு வரி எழுதுங்கள். பனியே உருகாத ஒரு மலைநாட்டைப் படைக்கிறீர்கள் என்றால், அங்கே மக்கள் எதை உண்கிறார்கள், எந்த மரத்தை எரிக்கிறார்கள், ஆபத்து வந்தால் எந்தப் பறையை அடிக்கிறார்கள், அந்தப் பறைக்குத் தோல் எந்த விலங்கிலிருந்து வருகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேள்வி பிறக்கும். எட்டு வரி முடிந்ததும் தாளை மூடிவிட்டு அத்தியாயத்துக்குப் போய்விட வேண்டும். ஒன்பதாவது வரி தேவைப்பட்டால் அதைக் கதையே கேட்கும்.

7. ஒப்படைப்புக் கட்டுரையையும் ஆய்வேட்டையும் நாவலுக்கு அருகில் வையுங்கள், உள்ளே வைக்காதீர்கள்

ஒப்படைப்புக்குத் தலைப்பு நீங்களே தேரலாம் என்று ஆசிரியர் சொன்னால், நாவலுக்குப் பயன்படும் தலைப்பைத் தேருங்கள்: காப்பியங்களில் சாபமும் சாபவிடையும் (சாபம் நீங்குதல்), பரணியில் பேய்களின் சமூகம், காப்பியங்களில் வரும் பொறிகள் என்று எத்தனையோ இருக்கின்றன. தலைப்புகள் அறிவிக்கப்படும் நாளில் முதல் ஆளாகப் போய்க் கேளுங்கள். பட்டியலில் வரிசை எண் வாரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஆய்வேடு இறுதிப் பருவத்தில்தான் என்றாலும், நெறியாளரிடம் அதற்கு முந்தைய பருவத்திலேயே பேசிவிடுங்கள். நாவல் எழுதுவதை அவரிடம் மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான தமிழாசிரியர்கள் அதை மகிழ்ச்சியோடு கேட்பார்கள். சிலர் தங்கள் அலமாரியிலிருந்து நூலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆய்வேடு ஒப்படைக்கும்போது நெறியாளர் சான்றிதழ், மாணவர் உறுதிமொழி ஆகியவற்றோடு, நிறுவனத்தைப் பொறுத்து, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமைச் சோதனை அறிக்கையும் கேட்கப்படலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் போனால் திருத்தி மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். நாவலுக்காக எழுதி இணையத்தில் வெளியிட்ட ஒரு முன்னுரையின் பத்திகளை ஆய்வேட்டிலும் சேர்த்தால், அவை உங்களுடையவையே என்றாலும் சோதனையில் ஒப்புமையாகவே காட்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புறை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதையும் வெட்டி ஒட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

செலவு பெரிதில்லை. அச்சு, பைண்டிங், பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று எனப் பிரதிகள். ஆனால் கடைசி வாரத்தில் ஊரில் உள்ள எல்லாக் கணினி மையங்களிலும் கூட்டம் நிற்கும் என்பதால், பத்து நாள் முன்பே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

8. இணையத்தில் தொடராக வெளியிடும் முன் யோசியுங்கள்

பிரதிலிபி போன்ற தளங்களில் வாரம் ஒரு அத்தியாயம் வெளியிட்டால் வாசகர்கள் கிடைப்பார்கள்; அந்த ஊக்கம் உண்மையானது. ஆனால் தொடர் தொடங்கிவிட்டால் அகத்தேர்வு வாரத்திலும் வாசகர்கள் அடுத்த பகுதியைக் கேட்பார்கள். குறைந்தது பன்னிரண்டு அத்தியாயங்கள், அதாவது ஒரு பருவத்துக்கு வேண்டியவை, கையில் தயாராக இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. நாவல் போட்டிகள் பலவற்றில் ‘இதுவரை அச்சிலோ இணையத்திலோ வெளியாகாதது’ என்ற உறுதிமொழி கேட்கப்படுகிறது. மூன்று அத்தியாயங்களை இணையத்தில் போட்டுவிட்டாலே அந்த உறுதிமொழியில் கையெழுத்திட முடியாது. பதிவை நீக்கினாலும் அது வெளியானதுதான். போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த நாவலைத் தவிர்த்து, அதே உலகத்தில் நடக்கும் தனிச் சிறுகதைகளை மட்டும் இணையத்தில் வெளியிடுங்கள்.

9. நாவலுக்கான ஆவணங்களும் செலவும்

பதிப்புரிமை, நீங்கள் எழுதிய அந்தக் கணத்திலேயே உங்களுக்கு உரியதாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. சான்று வேண்டும் என்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு டைரி எண் ஒன்று கொடுப்பார்கள். எவரேனும் மறுப்புத் தெரிவிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். சான்றிதழ் வரப் பல மாதங்கள் ஆகலாம். முதல் வரைவுக்கு இதைச் செய்யாதீர்கள். வரைவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், இறுதிப் பிரதிக்கு மட்டும் செய்வது போதும்.

ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் பன்னாட்டுத் தர நூல் எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். ‘ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம், மெய்ப்புப் பார்க்கிறோம், அட்டை போடுகிறோம்’ என்று மொத்தமாகப் பல ஆயிரம் கேட்கும் அழைப்புகள், கல்லூரி மலரில் உங்கள் கதை வந்த மறுவாரமே வரத் தொடங்கும். எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மின்னூலாக வெளியிடுவதானால், அமேசான் கிண்டிலில் தமிழ் நூலை எழுத்தாளரே கட்டணமின்றி ஏற்றலாம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பான் அட்டை, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, வரி விவரப் படிவம் ஆகியவை தேவை. பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயரின் முதலெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் தந்தை பெயர் விரிந்தும் மற்றொன்றில் முதலெழுத்தாகவும் இருந்தால் பணம் வரும்போது சிக்கல் எழலாம். கிண்டில் செலக்ட் என்ற, அமேசானில் மட்டும் விற்கும் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடராக வெளியிட்ட தளத்தில் அத்தியாயங்கள் இன்னும் கிடந்தால் அது விதிமீறல்.

பதிப்பகத்தின் ஒப்பந்தம் வந்தால் மூன்றைப் பாருங்கள்: எத்தனை ஆண்டுக்கு உரிமை கொடுக்கிறீர்கள், மின்னூலும் ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் அதில் அடங்குமா, உரிமைத்தொகை எத்தனை விழுக்காடு, எப்போது தரப்படும். மிகுபுனைவு எழுதுபவர்கள் நான்காவதாக ஒன்றையும் கேட்க வேண்டும். அதே உலகத்திலும் அதே கதைமாந்தர்களை வைத்தும் நீங்கள் எழுதப்போகும் அடுத்த பாகங்களுக்கும் அந்த ஒப்பந்தம் நீளுமா என்பது அது. நீளும் என்றால், அந்த வரியை நீக்கிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

10. இறுதிப் பருவத்தில் செய்ய வேண்டியவை

நான்காம் பருவத்தில் பிப்ரவரிக்குள் முதல் வரைவை முடித்துவிடுங்கள். மார்ச் முதல் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் பருவத் தேர்வும் அடுத்தடுத்து வரும். அப்போது நாவலுக்கு இடமில்லை. அந்த இரண்டு மாத இடைவெளி வரைவுக்கும் நல்லது, ஏனென்றால் மே மாதம் திரும்பப் படிக்கும்போது குறைகள் தாமாகக் கண்ணில் படும்.

நுழைவுச்சீட்டு வாங்குவதற்கும் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கும் நூலகத்தில் நிலுவையில்லைச் சான்று கேட்பார்கள். நூல்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், உங்கள் வலப்பக்கக் குறிப்புகளில் பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் விடுபட்ட இடங்களை நிரப்பிவிடுங்கள். படிப்பு முடிந்தபின் அதே பதிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

திருத்திய பிரதியைப் பதிப்பகங்களுக்கு ஜூன் அல்லது ஜூலையில் அனுப்புங்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான நூல்களில் அக்டோபர் முதல் பதிப்பகங்கள் மூழ்கிவிடும். அப்போது புதியவரின் பிரதியைத் திறக்கவும் நேரமிருக்காது. அனுப்பும்போது முழு நாவலோடு இரண்டு பக்கக் கதைச்சுருக்கமும், முதல் மூன்று அத்தியாயங்கள் தனிக் கோப்பாகவும் இருக்கட்டும். கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். மர்மமாக வைத்தால் படிப்பவர் அடுத்த பிரதிக்குப் போய்விடுவார். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் மடல் எழுதிவிட்டு, அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்பலாம்.